வெந்துபோன பரோலோ

சித்திரைக் கடைசியில் அந்தமானின் ஹாவ்லாக் தீவு ஜெட்டிக்கு வந்த சரக்கில் ஒயின் பெட்டிகள் எட்டு இருந்தன. உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் பினாயில் கேன்களுக்கும் நடுவே, படகின் மேல்தளத்து வெயிலில் கிடந்து வந்திருந்தன. கணபதி ஒரு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். வைத்த வேகத்திலேயே இறக்கிவிட்டான். அடுப்புச் செங்கல்லைக் கழுத்தில் வைத்ததுபோல் இருந்தது. அட்டையின் ஒரு மூலையில் கறுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தான். கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டியது.

"க்யா ஹுவா, அண்ணா?" என்றான் டெம்போக்காரன்.

"ஒண்ணுமில்ல. வண்டிய நெழலு பாத்து நிறுத்து."

கணபதிக்கு நாற்பத்தொன்பது வயது. பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில். பதினோரு வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவன். லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் பாமாயில் தோட்டத்தில் இருபது வருஷம் குலை வெட்டினான். நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி வெட்டுகிற வேலை. இன்றைக்கும் நிமிர்ந்து எதையாவது பார்த்தால் பின்கழுத்து வலிக்கும். சுனாமி அலை வந்து ஹட் பே வீட்டை வாரிக்கொண்டு போனபிறகு இரண்டு வருஷம் தகர முகாமில் கிடந்தார்கள். தோட்டத்து வேலையும் இல்லாமல் போனது. அப்புறம்தான் இந்த ரிசார்ட். அவனுக்கு ஸ்டோரில் வேலை, மனைவி ஒச்சம்மாவுக்குத் துணி வெளுக்கும் இடத்தில் வேலை, பின்பக்கம் தென்னைகளுக்கு அடியில் ஒரு அறை. மகள் திவ்யா போர்ட் பிளேரில் நர்சிங் படிக்கிறாள். அங்கே டெலானிபூரில் கணபதியின் அக்கா பொன்னம்மா வீட்டில் தங்கியிருக்கிறாள்.

ஸ்டோருக்குள்ளே இன்னொரு சின்ன அறை, ஏசி போட்டது. ஒயினுக்கென்றே கட்டியது. அந்த அறைக்குச் சாவி கணபதியிடம்தான். உள்ளே ஒவ்வொரு தட்டின் கீழும் அவன் சாக்பீஸால் தமிழில் எழுதி வைத்திருந்தான். பரோலோ, மூடுபனி மலை. அமரோனே, வாட்டின பழம். கியாந்தி, கல்லு மண்ணு. எட்னா, எரிமலைச் சாம்பல்.

போன சீசனில் சமையலறைக்குப் பாஸ்தா செய்யக் கற்றுக்கொடுக்க மூன்று மாதம் வந்திருந்த பாவ்லா என்ற இத்தாலிக்காரி சொன்னவை அவை. ஐம்பது வயதிருக்கும், கணபதியைப் போலவே கைகளில் காய்ப்பு. இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை என்பதால் பேச்சு நன்றாக ஓடியது. பரோலோவின் பழம் ஐப்பசியில்தான் பழுக்கும், அப்போது அந்த மலையெல்லாம் பனி மூடிக்கிடக்கும் என்று அவள் சொன்னபோது, கணபதிக்குச் சட்டென்று பிடிபட்டது. உயரத்துத் தேயிலைக் கொழுந்து குளிரில் மெதுவாக வளரும், அதனால்தான் அதில் மணம். கீழ்நாட்டுக் கொழுந்து மளமளவென்று வரும், சாயம் மட்டும்தான் என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். அமரோனேவுக்குப் பழத்தைப் பறித்து மூங்கில் தட்டுகளில் மூன்று நான்கு மாதம் வாட்டுவார்கள் என்றாள். "எங்க ஃபேக்டரியில கொழுந்த வாட்டுற மாதிரி" என்று அவன் கையால் பரத்திக் காட்டினான். அவளுக்கும் பிடிபட்டது.

பாவ்லாவின் சொந்த ஊரும் ஒரு தீவுதான். சிசிலிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் இருக்கிறது, பந்தெல்லேரியா என்று பேர். காற்று அப்படி அடிக்குமாம். ஒவ்வொரு திராட்சைச் செடியையும் ஒரு குழி தோண்டி அதற்குள் முழங்கால் உயரத்துக்கு வளர்ப்பார்களாம். கோடை முழுக்க மழை எட்டிப் பார்க்காது. ராத்திரிப் பனியைக் குடித்தே அந்தச் செடி பழுக்கும்.

"இங்க நட்டா வருமா?" என்று கணபதி கேட்டான்.

அவள் வானத்தைப் பார்த்தாள். "எட்டு மாசம் மழை. இலை வர்றதுக்கு முன்னாடி பூஞ்சை வரும்" என்று சிரித்தாள்.

போகும்போது அவள் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். குப்பியின் கழுத்தில் சுற்றியிருக்கிற தகரத்தாளைப் பிடித்துத் திருகிப் பார். வழுக்கிக்கொண்டு சுற்றினால் சரக்கு நல்லது. சுற்றாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது சூட்டில் பொங்கி வெளியே வந்திருக்கிறது.

எட்டுப் பெட்டியில் நாற்பத்தெட்டுக் குப்பி. எல்லாவற்றையும் கணபதி திருகிப் பார்த்தான். முப்பதுக்கு மேல் சுற்றவில்லை. சலானை எடுத்துத் தேதி பார்த்தான். போர்ட் பிளேரில் கப்பலிலிருந்து இறக்கி, அங்கேயே ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து படகில் ஏற்றுவதற்குள் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கடல் சரியில்லை என்று படகுகள் ஓடாத நாட்கள் அவை. அத்தனை நாளும் பெட்டிகள் ஏதோ தகரக் கொட்டகையில் கிடந்திருக்கின்றன.

சலானோடு மேனேஜர் சுதாகரிடம் போனான். சுதாகர் பொள்ளாச்சிக்காரன், முப்பத்துநாலு வயது. தீவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மனைவியும் கைக்குழந்தையும் மெயின்லேண்டில்.

"சார், ஒயினு சூடு ஏறிப்போயிருக்கு. பாதிக்கு மேல பொங்கி வெளிய வந்திருச்சு."

"பாட்டில் ஏதாச்சும் ஒடஞ்சிருக்குதுங்களா?"

"ஒடையல சார். ஆனா உள்ள கெட்டிருக்கும். பாமாயில் குலையே வெட்டி ஒரு நா வெயில்ல கெடந்தா எண்ணெயில காடி ஏறிடும், ஆலையில எடுக்க மாட்டாங்க. இது பன்னெண்டு நா கெடந்திருக்கு."

"இது பாமாயில் இல்லீங்கண்ணா" என்றான் சுதாகர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லாத் தொடச்சு ரேக்குல அடுக்குங்க. மாலிக்கிட்ட இதப் போய்ச் சொன்னா, எதுக்கு அங்க போட்டு வெச்சேன்னு என்னையத்தான் கேப்பாரு." மாலிக் என்றால் கல்கத்தாவிலிருக்கிற முதலாளி.

கணபதி ஈரத்துணியை எடுத்து நாற்பத்தெட்டையும் துடைத்து அடுக்கினான். தான் செய்த தப்பு அதுதான் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டான்.

பத்து நாள் கழித்து முதல் மழை இறங்கிய மத்தியானம், இத்தாலியிலிருந்து வந்திருந்த ரென்சோ என்ற பெரியவரும் அவர் மனைவியும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ரென்சோ பரோலோ விளைகிற அந்த மலைக்காரரேதான். இவ்வளவு தூரத்தில் தன் ஊர்ச் சரக்கைக் கண்டதும் முகம் மலர்ந்து கேட்டு வாங்கினார். ஒரு வாய் குடித்தார். கிளாசை வைத்துவிட்டார். "குக்டு" என்றார். சுதாகர் ஓடிவந்து இன்னொரு குப்பி திறந்தான். அதையும் முகர்ந்துவிட்டு, "குக்டு" என்று தோளைக் குலுக்கினார். அப்புறம் பீர் கேட்டார். மறுநாள் விடிந்ததும் கணவனும் மனைவியும் நீல் தீவுக்குப் படகேறிவிட்டார்கள், மூன்று நாளில் வருவதாகச் சொல்லி.

சுதாகருக்கு அந்தச் சொல் உள்ளேயே குடைந்தது. கணக்கை மாற்றி எழுதுவதை 'குக்' பண்ணுவது என்றுதான் அவன் காலேஜில் படித்திருந்தான். அப்படியென்றால் குப்பிக்குள் இருப்பதை யாரோ மாற்றிவிட்டார்கள். நல்லதை எடுத்துவிட்டு மட்டமானதை ஊற்றி அடைத்திருக்கிறார்கள். சாவி ஒருவனிடம்தானே இருக்கிறது? கல்கத்தாவிலிருந்த முதலாளிக்குப் போன் போட்டான். "வியாழக்கிழமை வர்றேன். அதுக்குள்ள விசாரிச்சு வை" என்றார் அவர்.

மறுநாள் காலை கணபதி ஜெட்டிக்குப் போயிருந்த நேரத்தில், சுதாகரும் ஒரு செக்யூரிட்டியும் அறைக்கு வந்தார்கள். ஒச்சம்மா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் ஏழு குப்பி இருந்தன. பார் அறையில் காலியானவற்றைக் கணபதி கேட்டு வாங்கி வந்தவை. இரண்டில் லேபிள் கூடக் கிழியவில்லை. ஐந்தில் ஒச்சம்மா தானே காய்ச்சிய தேங்காயெண்ணெய், ஒன்றில் தேன், ஒன்றில் மண்ணெண்ணெய்.

"இது என்னங்கக்கா இத்தன பாட்டிலு?" என்றான் சுதாகர்.

"எண்ணெ."

"எண்ணெயா இல்லையான்னு பாக்கோணும்."

"மோந்து பாருங்க."

செக்யூரிட்டி முகர்ந்து பார்க்கவில்லை. வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். ஐந்து குப்பி எண்ணெயும் மணலில் இறங்கியது. ஒச்சம்மா கிழங்கையும் கத்தியையும் கையில் வைத்தபடி நின்று பார்த்தாள். பக்கத்து அறை பெங்காலிப் பெண்கள் இரண்டு பேர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே திவ்யாவிடமிருந்து போன் வந்தது. குரல் கம்மியிருந்தது.

"அப்பா, சுதாகர் அங்கிள் அத்தைக்குப் போன் பண்ணாங்க. இங்க ஏதாச்சும் பாட்டில் குடுத்து விட்டிருக்கீங்களான்னு கேட்டாங்க. மாமா போனை வாங்கி, அந்த மாதிரி ஆளு எங்க வீட்டுல இல்லன்னு சொல்லி வச்சிட்டாங்க. அப்புறம் யாரும் பேசல. என்னா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. நீ படி."

"அத்தை சோறு போடும்போது மூஞ்சிய பாக்கலப்பா."

கணபதி போனை ஒச்சம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றான். மழை விட்டிருந்தது. எண்ணெய் ஊறிய மணலில் எறும்பு மொய்த்திருந்தது.

அவன் திரும்பி வந்தபோது ஒச்சம்மா சூரை மீன் குழம்பை இறக்கி வைத்திருந்தாள். இரண்டு தட்டில் கிழங்கைப் போட்டாள்.

"நீங்க அந்தாளுகிட்ட அன்னைக்கே சொன்னீங்கல்ல, சூடு ஏறிப்போச்சுன்னு?"

"சொன்னேன்."

"அத இப்ப சொல்றதுதானே."

"யாருகிட்ட சொல்ல? அவருகிட்டயே போயி, ஒங்ககிட்ட சொன்னேன்னு சொல்லவா?"

"மாலிக் வாறாருல்ல."

"வாறாரு."

"அவருகிட்ட சொல்லுங்க. சும்மா நின்னுட்டு வராதீங்க. ஹட் பேயில ரேஷன் லிஸ்டுல நம்ம பேரு வுட்டுப்போனப்ப இப்படித்தான் நின்னீங்க. நான் போயித்தான் சண்ட போட்டேன்."

கணபதி முள்ளை எடுத்துக்கொண்டே யோசித்தான். "அந்த வெள்ளக்காரரு என்னா சொன்னாருன்னு கேட்டியா? சர்வீஸ் பண்ண பங்கஜ் சொன்னான். 'குக்டு'ன்னாராம்."

"அப்டின்னா?"

"வெந்ததுன்னு அர்த்தம். கிச்சன்ல தெனம் சொல்றதுதானே. சிக்கன் குக்டு, ரைஸ் குக்டு." அவன் கை தட்டிலேயே நின்றது. "அந்த மனுசன் சரியாத்தான் சொல்லிருக்காரு ஒச்சு. இவரு வேற என்னமோ வெளங்கிக்கிட்டாரு."

ஒச்சம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இத நீங்க எனக்குச் சொல்லி என்னா ஆவப்போவுது? சாப்டுங்க."

வியாழக்கிழமை காலைப் படகில் முதலாளி வந்தார். அறுபது வயது, சர்க்கரை வியாதிக்காரர், நாலடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குகிறவர். ரென்சோ தம்பதியும் முந்தைய நாளே திரும்பியிருந்தார்கள். ரெஸ்டாரண்டில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கணபதி நின்றான். சுதாகர் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தான். கட்டிலுக்கடியில் கிடைத்த குப்பிகளைச் சொன்னான்; அதில் எண்ணெய் இருந்ததையும் விடாமல் சொன்னான்.

"போலோ, சொல்லு" என்றார் முதலாளி.

கணபதி இந்தியில் தொடங்கினான். "மாலிக், நான் குடிக்கிறதில்ல, விக்கிறதில்ல. சாப்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." ரென்சோவின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டான்: "சார், யூ ஸே குக்டு. குக்டு மீன்ஸ், தீஃப்? ஆர் குக்டு மீன்ஸ், ஹாட்?"

ரென்சோவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மனைவியைப் பார்த்தார், பிறகு சுதாகரைப் பார்த்தார். "ஹாட்" என்றார். "சன். டூ மச் சன்." கையை மேலே தூக்கி வெயிலைக் காட்டினார். "நோ தீஃப்."

கணபதி சலானை மேஜையில் வைத்தான். இரண்டு தேதிகளின் மேலும் விரலை வைத்துக் காட்டினான். பிறகு ஏசி அறைக்குப் போய்ப் புதுச் சரக்கில் திறக்காத குப்பி ஒன்றையும், போன வருஷச் சரக்கில் மிச்சமிருந்த ஒரே பரோலோவையும் கொண்டுவந்தான். பழையதன் தகரத்தாளைத் திருகினான், சுற்றியது. புதியதைத் திருகினான், அசையவில்லை. ரென்சோ, "பிராவோ" என்று அவனைக் கூர்ந்து பார்த்தார். புதியதன் தாளைக் கத்தியால் கிழித்தார். தக்கை குப்பியின் வாயைவிட்டு நகக்கண் அளவு மேலே எழும்பி நின்றது. அதன் பக்கவாட்டில் மேல்வரைக்கும் கறை ஓடியிருந்தது.

இரண்டையும் ஊற்றினார்கள். முதலாளி சர்க்கரையை மறந்து இரண்டையும் சப்பிப் பார்த்தார். "இவனுக்கும் கொடு" என்றார்.

"நான் தொட்டதில்ல மாலிக்."

"ஸ்டோரில வேலை செய்யிறவன் தெரிஞ்சிக்கிட்டா நல்லது. ஒரு வாய்."

கணபதி பழையதைக் குடித்தான். முதலில் புளிப்பு. பிறகு நாக்கின் ஓரமெல்லாம் இழுத்துப் பிடித்தது. பால் விடாத கடுஞ்சாய டீயில் வருகிற அதே துவர்ப்பு. விழுங்கியபிறகும் வாயில் ஒரு வாசம் நின்றது, மழையில் நனைந்த மரக்கட்டையின் வாசம் மாதிரி. புதியதைக் குடித்தான். அதில் துவர்ப்பும் இல்லை, வாசமும் இல்லை. அடிப்பிடித்த பாயசத்தின் இனிப்பு மட்டும் இருந்தது. ஆறிப்போன டீயை மறுபடி மறுபடி கொதிக்க வைத்தால் எப்படியிருக்கும், அப்படி.

"காராப்" என்றான், கெட்டது என்று.

"காராப்" என்று முதலாளியும் தலையாட்டினார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "பெட்டிய வாங்கினது யாரு?"

"நான்."

"அப்பவே தெரியலையா?"

"தெரிஞ்சது மாலிக்."

சுதாகர் தரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சா சொல்ல வேண்டாமா? ஆறு வருஷமா இருக்க. வாய் எதுக்கு இருக்கு?" முதலாளி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சரி. போ, வேலையப் பாரு. அடுத்த சரக்க நீயே போர்ட் பிளேர் போயி நின்னு எடுத்துட்டு வா."

கணபதி வாயைத் திறந்தான். அதற்குள் அவர் ரென்சோவின் தோளில் கைபோட்டபடி வெளியே நடந்துவிட்டார்.

அறைக்கு வந்து நடந்ததைச் சொன்னான். ஒச்சம்மா அவன் வாயருகே முகத்தைக் கொண்டுவந்து முகர்ந்தாள்.

"குடிச்சீங்களா?"

"குடிக்கச் சொன்னாங்க."

"சரி. அந்தாளுகிட்ட அன்னைக்கே சொன்னேன்னு சொன்னீங்களா?"

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"சொல்லல."

"வாய் வரைக்கும் வந்திருச்சு ஒச்சு. அதுக்குள்ள எந்திரிச்சிட்டாரு."

"ஒங்களுக்கு எப்பவுமே வாய் வரைக்கும்தான் வரும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "வேல நெலச்சிருச்சு. நல்லது, நீங்க போங்க. நான் போவல."

"என்னா பேசுற?"

"அவுங்க துணிய நான் தொடமாட்டேன். எம் மக சோத்துத் தட்டுக்கு முன்னால தலகுனிஞ்சு ஒக்காந்திருக்கு. அந்தாளு போன் பண்ணித்தானே அது ஆச்சு? அதே போன்ல எடுத்துச் சொல்லணும். அதுவரைக்கும் நான் வெளிய வாறதா இல்ல."

வெள்ளி, சனி, இரண்டு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது. துணி வெளுக்கிற கொட்டகையில் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு குவிந்து நாற்றமெடுத்தன. உதவிக்கு அனுப்பிய ஆள் வெள்ளை விரிப்பையும் நீலத் துண்டையும் ஒன்றாகப் போட்டு எல்லாவற்றையும் வெளிர்நீலமாக்கி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பதினாறு பேர் வருவதாக இருந்தது. கணபதி மட்டும் தினம் வேலைக்குப் போய் வந்தான். சாப்பிடும்போது இருவரும் மீனைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு சுதாகர் அறை வாசலுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். கணபதி நாற்காலியை நகர்த்திப் போட்டான். அவன் உட்காரவில்லை.

"அக்கா, ஏதோ தப்பா நெனச்சுப் பண்ணிப்போட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. எண்ணெய் நான் வாங்கித் தந்தர்றேன்."

"எண்ணெய நான் காய்ச்சிக்குவேன் சார்" என்றாள் ஒச்சம்மா. "எங்க மதினி வீட்டுக்கு நீங்கதானே போன் பண்ணீங்க. எம் மகளுக்கும் மதினிக்கும் நீங்களே பண்ணிச் சொல்லுங்க. இங்கயே."

சுதாகர் கணபதியைப் பார்த்தான். கணபதிக்கு இந்த முறை வாய் வரைக்கும்கூட எதுவும் வரவில்லை. சுதாகர் போனை எடுத்தான். டவர் கிடைக்கவில்லை. படியிலிறங்கி மழையில் நான்கடி நடந்து தென்னை மரத்தடியில் நின்றான். ஒச்சம்மாவும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள். கணபதி குடையோடு பின்னால் போனான்.

"ஸ்பீக்கர்ல போடுங்க."

திவ்யா எடுத்தாள்.

"திவ்யா, நான் சுதாகர் பேசறேன். அப்பா மேல சொன்னது… அது இல்லைன்னு ஆகிப்போச்சு. அப்பா எதுவும் பண்ணல."

போனில் மழைச் சத்தம் கேட்டது. டெலானிபூரிலும் மழைதான் போலிருக்கிறது.

"சரி அங்கிள்" என்றாள் திவ்யா. "மாமாகிட்டயும் சொல்லிடுங்க. குடுக்கறேன்."

மாமா வந்தார். சுதாகர் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னான். பொன்னம்மாவின் வீட்டுக்காரரான அவர் அரசு ஆபீஸ் டிரைவர். எதையும் ஒரே தடவையில் ஒத்துக்கொள்கிறவர் அல்ல. "அப்ப யாரு பண்ணது?" என்றார்.

"யாரும் பண்ணலீங்க. வெயில்ல கெட்டுப்போச்சுங்க."

"வெயில்ல கெட்டுப்போனதுக்கு எங்க வீட்டுக்கு எதுக்கு சார் போன் பண்ணீங்க?"

சுதாகருக்கு வியர்த்தது. மழையில் நனைந்துகொண்டே நெற்றியைத் துடைத்தான். "தப்புதானுங்க."

"எங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க. அவதான் ஒரு வாரமாத் தூங்கல."

பொன்னம்மா போனை வாங்கியது கேட்டது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. சுதாகர் மூன்றாவது தடவையாகத் தொடங்கினான். "அம்மா, ஒங்க தம்பி மேல தப்பில்லீங்க…" என்று சொல்லி நின்றான். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் கழுத்தில் விழுந்தது. அவன் ஒச்சம்மாவைப் பார்க்கவில்லை, கணபதியையும் பார்க்கவில்லை.

"பெட்டி வந்த அன்னைக்கே அவரு எங்கிட்ட வந்து சொன்னாருங்கம்மா, சரக்கு கெட்டுப்போச்சுன்னு. நாந்தான் தொடச்சு வைன்னு சொல்லிப்போட்டேன். மாலிக்குக்கு இது தெரியாது. நானே இன்னைக்குச் சொல்லிர்றேன்."

கணபதி குடைக்காம்பைக் கை மாற்றிப் பிடித்தான்.

ஒச்சம்மா சுதாகரின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மதினி, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்" என்றாள் பொன்னம்மா. குரல் உடைந்திருந்தது. "நான் என்னமோ…"

"இருக்கட்டும் மதினி. புள்ளைக்குச் சோறு போடுங்க. நான் அப்புறமாப் பேசுறேன். இங்க துணி கெடக்கு."